எழும் நேரத்தை முடிவு செய்யும் உரிமை

வேறொருவர் கை கொடுக்காமல் படுக்கையிலிருந்து எழவோ, குளிக்கவோ, உடுத்தவோ, உண்ணவோ இயலாத நிலையில் உள்ள ஒருவருக்கு இங்கிலாந்தின் சட்டம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவர் வாழும் பகுதியின் உள்ளாட்சி மன்றம், அதாவது அங்குள்ளோர் கவுன்சில் என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு, தானே ஒரு பராமரிப்பு ஏஜென்சியை அமர்த்தி அதன் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது அந்தப் பராமரிப்புக்கு ஆகும் தொகையை அவரிடமே கொடுத்து, யாரை, எந்த வேலைக்கு, எந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது என்பதை அவரே தீர்மானிக்கும்படி விட்டுவிடலாம். நேரடிக் கொடுப்பனவு எனப்படும் இந்த இரண்டாம் வழி பார்வைக்கு ஒரு நிர்வாக ஏற்பாடாகத் தோன்றினாலும், ஒரு மனிதர் தம் நாளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமைதான் அதன் உயிர்நாடி. ஆகவே கொடுக்கப்படும் பணம் அந்த உரிமையைத் தாங்கும் அளவுக்கு இருக்கிறதா, அதைக் கையாள்வதற்குத் துணை நிற்பார் உண்டா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இந்த ஏற்பாட்டை எடைபோட வேண்டும்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கை கால்கள் செயலிழந்த ஒருவரின் காலைப்பொழுதைக் கவனித்தால், நேரம் என்பது இங்கே எவ்வளவு பெரிய பொருள் என்பது விளங்கும். மலமும் சிறுநீரும் கழிப்பதற்கான முறைகளை உதவியாளர் முதலில் முடிக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா, படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பைத் துடைத்து, படுத்த நிலையிலேயே இருபுறமும் புரட்டி உடை மாட்ட வேண்டும். பிறகு தூளி போன்ற துணிப்பட்டையை உடம்புக்கடியில் செருகி, ஹாய்ஸ்ட் எனப்படும் தூக்கி இருத்தும் கருவியால் உயர்த்திச் சக்கர நாற்காலியில் இறக்கி, சட்டையின் மடிப்பு முதுகில் சுருண்டு அழுத்தாதபடி இழுத்துவிட வேண்டும். உணர்வற்ற தோலில் ஒரு மடிப்பே புண்ணாகிவிடும் என்பதால் இதில் எதையும் அவசரமாகச் செய்ய முடியாது. எல்லாமாகச் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். அவர் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டுமானால் ஆறரைக்கு முன்பே ஆள் வந்தாக வேண்டும். ஏஜென்சிப் பணியாளரின் அன்றாடச் சுற்றில் அந்த வீடு நான்காவதாக இருந்து, அவர் ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்வார் என்றால், அந்த அலுவலக வேலை அவருக்கு இல்லை. இரவு எட்டு மணிக்கே படுக்க வைத்துவிட்டுப் பணியாளர் போய்விடுவார் என்றால், மாலை நேரக் கல்லூரியும் நண்பர் வீட்டு விருந்தும் அவருக்கு இல்லை.

இந்த நேரப் போராட்டத்திலிருந்துதான் நேரடிக் கொடுப்பனவின் வரலாறே தொடங்குகிறது. இங்கிலாந்தின் தெற்கில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் லெ கோர்ட் என்ற இல்லம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படை வீரராக இருந்த லெனார்ட் செஷயர் 1948இல் தொடங்கிய இல்லம் அது. அங்கே வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள், படுக்கப்போகும் நேரம் உட்படத் தங்கள் அன்றாட வாழ்வை நிர்வாகத்தினர் வகுப்பதை எதிர்த்தனர். அவர்களில் ஒருவரான பால் ஹன்ட், 1972 செப்டம்பரில் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய இல்லங்களில் இருப்போர் ஒன்றுசேர வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். மாற்றுத்திறனாளிகள் தனித்து ஒதுக்கப்படுவதை எதிர்க்கும் சங்கம் ஒன்று அதிலிருந்து பிறந்தது. உடலின் குறையைவிடச் சமூகம் எழுப்பும் தடைகளே ஒருவரை முடக்குகின்றன என்ற கோட்பாட்டை அச்சங்கம் முன்வைத்தது.

கோட்பாட்டை நடைமுறையாக்கியவர்கள் அதே லெ கோர்ட்டின் அடுத்த தலைமுறையினர். ஜான் எவன்ஸ், பிலிப் மேசன் உள்ளிட்ட ஒரு குழுவினர், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981ஐ மனத்தில் கொண்டு ‘ப்ராஜெக்ட் 81’ என்ற திட்டத்தை வகுத்தனர். இல்லத்தில் தங்களுக்கெனச் செலவிடப்படும் தொகையைத் தங்களிடமே கொடுத்தால், வெளியே வீடு எடுத்து, உதவியாளர்களைத் தாங்களே அமர்த்திக்கொண்டு வாழ முடியும் என்பதே அவர்கள் கவுன்சிலிடம் வைத்த வாதம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், போலியோவால் பாதிக்கப்பட்டு 1962இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எட் ராபர்ட்ஸும் அவருடைய தோழர்களும் 1972இல் நிறுவிய சுதந்திர வாழ்வு மையம் அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் ஒரு சட்டச் சிக்கல் குறுக்கே நின்றது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், கவுன்சில்கள் சேவையை வழங்கலாமே தவிரப் பணமாகக் கொடுக்கக் கூடாது என்று தடுத்திருந்தது. மூன்றாம் தரப்பு அமைப்பு ஒன்றின் வழியாகப் பணத்தைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டால் அந்தத் தடை தாண்டப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் குழுவினர் ஒவ்வொருவராக இல்லத்தைவிட்டு வெளியேறித் தத்தம் வீடுகளில் குடியேறினர். ஹாம்ப்ஷயரில் 1984இலும் டெர்பிஷயரில் 1985இலும் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் மையங்கள் உருவாயின.

அதன் பிறகும் சட்டம் மாறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1994இல் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் கூட்டமைப்புக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, பணமாகக் கொடுப்பதற்கு ஆகும் செலவு, கவுன்சில்கள் தாமே சேவை வழங்குவதற்கு ஆகும் செலவைவிடச் சராசரியாக 30 முதல் 40 சதவீதம் குறைவு என்று காட்டியது. ஆட்சியில் இருந்தோரின் மனத்தை அந்தக் கணக்கு இளக்கியது. 1996இல் நேரடிக் கொடுப்பனவுச் சட்டம் நிறைவேறி 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 65 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் என்றிருந்தது, 2000இல் முதியோருக்கும் விரிந்தது. 2003 முதல் தகுதியுள்ள ஒருவர் கேட்டால் கொடுத்தாக வேண்டிய கடமை கவுன்சில்களுக்கு ஏற்பட்டது. உரிமைக்காக எழுந்த கோரிக்கை சிக்கனத்தின் வாசல் வழியாகவே உள்ளே நுழைய முடிந்தது என்பதை மறக்கக் கூடாது; இது மலிவான வழி என்ற எண்ணம் அன்றிலிருந்து கவுன்சில்களின் கணக்கேடுகளை விட்டு நீங்கவில்லை.

பணம் கைக்கு வரும் பாதை

இன்று இந்த ஏற்பாட்டை ஆள்வது, 2014இல் நிறைவேறி 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புச் சட்டம். அதன்படி முதலில் நடப்பது தேவை மதிப்பீடு. உண்ணுதல், உடல் தூய்மை, கழிப்பறைப் பயன்பாடு, உடுத்துதல், வீட்டில் பாதுகாப்பாக இயங்குதல், வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருத்தல், உறவுகளைப் பேணுதல், வேலை அல்லது கல்வி, ஊரிலுள்ள வசதிகளைப் பயன்படுத்துதல், தம் குழந்தையை வளர்த்தல் ஆகிய பத்தில் குறைந்தது இரண்டை உடல் அல்லது மனப் பாதிப்பின் காரணமாகச் செய்ய இயலாமல் போய், அதனால் வாழ்வின் நலன் கணிசமாகக் கெடுகிறது என்றால் அவர் தகுதி பெறுகிறார். உறவும் வேலையும் வெளியே போய்வருதலும் இதில் இடம்பெற்றிருப்பதை மதிப்பீட்டுக்கு உட்காரும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சோறும் குளியலும் மட்டுமே தேவை என்று தாமே சுருக்கிச் சொல்லிவிடுவோர்தாம் மிகுதி, குறிப்பாகப் பிறரிடம் கேட்பதைக் கூச்சமாகக் கருதும் முதியோர்.

அடுத்து வருவது பொருளாதார மதிப்பீடு. சேமிப்பும் முதலீடும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும். 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். இடைப்பட்டால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் இருப்பதாகக் கொள்வார்கள். வீட்டிலேயே பராமரிப்புப் பெறுவோரின் குடியிருப்பு வீட்டை இதில் சேர்ப்பதில்லை. 2010இல் வகுத்த இந்த வரம்புகள், விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் 2025 வரை உயர்த்தப்படவில்லை. இந்த மதிப்பீடுகளுக்குப் பின், தேவையை நிறைவேற்ற ஆகும் செலவு இவ்வளவு, அதில் அவர் பங்கு இவ்வளவு, கவுன்சிலின் பங்கு இவ்வளவு என்று எழுத்தில் குறிக்கப்படுவதே தனிநபர் நிதி ஒதுக்கீடு. கவுன்சில் சேவையாக அனுப்பினாலும் இந்த ஒதுக்கீடு உண்டு; அதைப் பணமாகப் பெற்றுக்கொள்வதுதான் நேரடிக் கொடுப்பனவு. தனி வங்கிக் கணக்கிலோ முன்பணம் ஏற்றப்பட்ட அட்டையிலோ அது வந்து சேரும். வருமானமாகக் கருதப்படாததால் அதற்கு வரி இல்லை, பிற அரசு உதவித்தொகைகளும் அதனால் குறைவதில்லை.

எதற்குச் செலவிடலாம் என்பதற்கு ஒரே அளவுகோல், பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட தேவையை அது நிறைவேற்ற வேண்டும் என்பதே. உதவியாளர் சம்பளத்துக்கும், விருப்பமான ஏஜென்சிக்கும், கருவிகளுக்கும், நீச்சல் குளத்துக்கு உடன்வரும் துணைக்கும் செலவிடலாம். முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகத் தங்குவதற்குச் செலவிட முடியாது. அதே வீட்டில் வாழும் மனைவிக்கோ மகனுக்கோ நெருங்கிய உறவினருக்கோ சம்பளம் கொடுப்பதும், அது இன்றியமையாதது என்று கவுன்சில் ஏற்றாலன்றி, முடியாது. லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களை இந்த விதி நேராகத் தொடுகிறது. மாமியாரின் பராமரிப்பை மருமகள் வேலையை விட்டுவிட்டுச் செய்யும் வீடுகளில் அந்த உழைப்புக்குப் பொதுவாகக் கொடுப்பனவு கிடைக்காது. ஆனால் தமிழ் பேசும், புட்டும் கஞ்சியும் பதமாகச் செய்யத் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து அமர்த்திக்கொள்ளலாம், மருமகள் வேலைக்குத் திரும்பலாம். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் நழுவித் தாய்மொழி மட்டுமே எஞ்சும் முதியோருக்கு, வலி எங்கே என்று கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவர் அருகிருப்பது மருத்துவத் தேவையே ஆகும். தனி வேலைத்திட்டம் வகுக்கும் சுதந்திரம் தரும் பயன்களில் இதைவிடத் தெளிவான ஒன்றைக் காட்டுவது கடினம்.

முதலாளி ஆவதன் கணக்கு

தனி உதவியாளர், பேச்சு வழக்கில் பி.ஏ., என்பவரை அமர்த்தும் நாளிலிருந்து மாற்றுத்திறனாளி சட்டத்தின் கண்ணில் ஒரு முதலாளி. எழுத்து வடிவில் வேலை ஒப்பந்தம் தர வேண்டும், வரித்துறையில் பதிவு செய்து ஒவ்வொரு சம்பளத்தின்போதும் பிடித்தங்களைத் தெரிவிக்க வேண்டும், பணியின்போது உதவியாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலோ கருவியில் கை சிக்கினாலோ இழப்பீடு தருவதற்கான முதலாளி பொறுப்புக் காப்பீட்டைக் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எடுக்க வேண்டும், ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் விடுப்புத் தர வேண்டும்.

இவற்றின் பொருளை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு விளக்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் 21 வயது நிறைந்தோருக்கான சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 20 மணி நேரம் ஒருவரை அமர்த்தினால் வாரச் சம்பளம் 244.20 பவுண்டு, 52 வாரத்துக்கு 12,698.40 பவுண்டு. ஆனால் அவர் விடுப்பில் இருக்கும் 5.6 வாரமும் படுக்கையிலிருந்து எழுந்தாக வேண்டும் என்பதால், மாற்று ஆளுக்கு 112 மணி நேரக் கூலியாக மேலும் 1,367.52 பவுண்டு வேண்டும். ஆண்டுச் சம்பளம் 10,000 பவுண்டைத் தாண்டுவதால் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். 6,240 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியில் முதலாளி தர வேண்டிய 3 சதவீதம் ஏறத்தாழ 194 பவுண்டு. தேசியக் காப்பீட்டுக்கான முதலாளியின் பங்கு, 5,000 பவுண்டுக்கு மேல் 15 சதவீதம் என்ற விகிதத்தில் ஏறத்தாழ 1,155 பவுண்டு ஆகிறது. பராமரிப்புப் பணியாளரை அமர்த்தும் தனிநபருக்கு ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை இதிலிருந்து விலக்குப் பெறும் உரிமை உண்டு, ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். காப்பீட்டுக் கட்டணம், சம்பளக் கணக்கு எழுதுபவருக்கான கட்டணம், பயிற்சி, உதவியாளர் நோயுற்றால் தர வேண்டிய தொகை, ஏற்பாடு முடிவுக்கு வந்தால் தர வேண்டிய பணிநீக்க ஈட்டுத்தொகை ஆகியவை இதற்கு மேல். ஒதுக்கீட்டை வகுக்கும்போது இந்தச் செலவுகளையும் கவுன்சில் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மணி நேர வீதத்தை மணிக்கணக்கோடு பெருக்கி வந்த தொகையை மட்டும் எழுதித் தரும் ஒதுக்கீட்டை எவரும் அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது.

குறைந்தபட்சக் கூலியில் நல்ல ஆள் கிடைப்பது அரிது என்பதையும் சொல்ல வேண்டும். ஹாய்ஸ்டைக் கையாளவும், சிறுநீர்க் குழாயைக் கவனிக்கவும், ஒருவரின் நிர்வாணத்துக்கு முன்னால் மரியாதையோடு நடந்துகொள்ளவும் தெரிந்தவரை, அங்காடிக் கல்லாவில் உட்கார்ந்தால் கிடைக்கும் அதே கூலிக்குக் கேட்பது நியாயமும் அல்ல. ஏஜென்சிக்குத் தரும் மணிநேர வீதத்தைவிடத் தனி உதவியாளருக்கு மிகக் குறைந்த வீதத்தைக் கவுன்சில்கள் கணக்கிடுவது வழக்கம். தொண்ணூறுகளில் கிடைத்த சிக்கன வாதத்தின் நீட்சியே இது. இரவில் உடன் தங்குவோரின் நிலை இன்னும் நலிந்தது. வேலை செய்யும் இடத்தில் உறங்கி, கூப்பிட்டால் மட்டும் எழுபவருக்கு, விழித்து வேலை செய்த நேரத்துக்குத்தான் குறைந்தபட்சக் கூலி கணக்கிடப்படும் என்று 2021 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீடுகளுக்கு அது நிம்மதி தந்திருக்கலாம். இரவுப் பணிக்கு ஆள் தேடுவோருக்கு அது உதவவில்லை.

இத்தனை பொறுப்பும் எல்லோராலும் சுமக்கக்கூடியதன்று. பணத்தை வேறொரு அமைப்பு வாங்கிக் கணக்கு வைத்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயனாளியிடமே விடும் முறை உண்டு. ஏஜென்சி ஒன்றே தொகையை வைத்துக்கொண்டு அவர் சொல்லும் நேரத்துக்கும் முறைக்கும் சேவை தரும் தனிநபர் சேவை நிதி என்ற முறையும் உண்டு. முடிவெடுக்கும் மனத்திறனை இழந்தோருக்காக, குடும்பத்தவர் அல்லது நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பொறுப்பாளராக ஏற்கவும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 2005 முதல் 2007 வரை 13 கவுன்சில்களில் நடத்தப்பட்ட தனிநபர் நிதிச் சோதனைத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், மனநலப் பாதிப்புள்ளோர் இதனால் நன்கு பயனடைந்தனர் என்றும், முதியோரிடையே மனநிறைவு குறைந்திருந்தது என்றும் 2008இல் தெரிவித்தனர். முதியோருக்கு இது ஒத்துவராது என்று அதைக்கொண்டு வாதிடுவோர் உண்டு. கணவரை இழந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய 82 வயதுப் பெண்ணிடம் சம்பளப் பதிவேட்டுப் படிவத்தை நீட்டினால் அவர் கலங்கத்தான் செய்வார். அதிலிருந்து அவருக்குத் தம் நாளைத் தாமே வகுக்கும் ஆசை இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. தேவைப்பட்டது படிவத்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு துணை.

குறையும் தொகையும் கேட்கும் வழியும்

தொகை போதுமானதா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் எழுகின்றன. தேவைகளுக்குப் புள்ளிகள் இட்டு, புள்ளிகளைப் பவுண்டாக மாற்றும் கணக்குமுறையைப் பல கவுன்சில்கள் கையாள்கின்றன. கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய கணக்கு ஒரு தொடக்கப் புள்ளியாக இருக்கலாம், ஆனால் இறுதித் தொகை அந்த மனிதரின் தேவையை நிறைவேற்றுவதாகவும், அது எப்படி வந்தது என்பதற்குக் காரணம் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றது. ஆனாலும் மனுதாரர் அவ்வழக்கில் வெல்லவில்லை. ஆக்ஸ்போர்ட்ஷயரில், மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்புக்குப் பணம் தருவதற்காக 1988இல் உருவான சுதந்திர வாழ்வு நிதி 2015 ஜூன் இறுதியில் மூடப்பட்ட பின், பெருமூளை வாதத்தோடு வாழும் ஒருவரின் வார ஒதுக்கீடு 1,651 பவுண்டிலிருந்து 950 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. அவர் கூடுதல் நேரம் தனியாக இருக்கப் பழகலாம் என்பதும், உதவியாளர்களின் கூலியைக் குறைக்கலாம் என்பதும் அந்தக் கணக்கின் அடிப்படைகளாக இருந்தன. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதில் சட்டப் பிழை இல்லை என்று சொல்லிவிட்டது. நலனையும் ஒருவரின் விருப்பத்தையும் உயர்த்திப் பேசும் சட்டம், பணத்தின் அளவு என்று வரும்போது கவுன்சிலின் முடிவுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டியது. ஒரு மனிதர் தம் மதிய நேரத்தைத் தனிமையில் கழிப்பதா, ஆட்களோடு கழிப்பதா என்பது மீண்டும் ஓர் அலுவலகத்தில் முடிவாகிறது. லெ கோர்ட்டில் இருந்தவர்கள் எதிர்த்ததும் இதைத்தான்.

இதற்கு இணையான, அவ்வளவாகப் பேசப்படாத குறை, செலவாகாத பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம். கணக்கில் சில வாரத் தொகைக்கு மேல் சேர்ந்தால், தேவை இல்லை என்பதற்கு அது சான்று என்று கவுன்சில் கருதிவிடுகிறது. உண்மையில் ஆள் கிடைக்காததாலோ, விடுப்புக்கும் நோய்க்காலத்துக்கும் எனச் சேர்த்து வைத்ததாலோ பணம் தங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சேமிப்புக்கும் காரணத்தை எழுதி வைத்திருப்பதும், ஆண்டு மறுஆய்வுக்கு முன் ஒரு மாத நாட்குறிப்பை, இரவில் எத்தனை முறை எழுப்ப நேர்ந்தது என்பது வரை, எழுதிக் கையில் வைத்திருப்பதும் பெரும் காப்பு. தொகை குறைக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேட்கலாம். கவுன்சிலின் முறையீட்டு வழியை முடித்தபின் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு முறைமன்றத்திடம் கட்டணமின்றிப் போகலாம். முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்றால் நீதிமன்றச் சீராய்வைக் கோரலாம், ஆனால் அதற்குரிய காலக்கெடு மூன்று மாதத்துக்கு மிகாது.

இவற்றில் எதையும் ஒருவர் தனியாகச் செய்ய வேண்டியதில்லை என்பதே ஹாம்ப்ஷயரும் டெர்பிஷயரும் கற்றுத் தந்த பாடம். அந்த மையங்களில், வேலை விளம்பரம் எழுதுவதையும், நேர்காணலில் என்ன கேட்பது என்பதையும், ஒத்துவராத உதவியாளரை நியாயமாக நிறுத்துவது எப்படி என்பதையும், அதே வழியில் முன்பே நடந்த மாற்றுத்திறனாளிகளே சொல்லிக் கொடுத்தனர். 2005 ஜனவரியில் பிரதமர் அலுவலகத்தின் உத்திக்குழு வெளியிட்ட அறிக்கை, 2010ஆம் ஆண்டுக்குள் சமூகப் பராமரிப்புப் பொறுப்புள்ள ஒவ்வொரு பகுதியிலும் இத்தகைய, பயனாளிகளே நடத்தும் அமைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டு கடந்து நெடுங்காலமாகியும் அது நிறைவேறவில்லை. இருந்த மையங்களிலும் பல, கவுன்சில் ஒப்பந்தங்கள் மிகக் குறைந்த விலை கேட்ட நிறுவனங்களுக்குப் போனபோது மூடப்பட்டன. ஒதுக்கீட்டுத் தொகையை உயர்த்துவதோடு அந்தப் பரிந்துரையையும் அரசு மீண்டும் கையில் எடுத்து, ஒப்பந்தப் போட்டிக்கு விடாமல் நேரடியாக நிதி தந்து, ஒவ்வொரு பகுதியிலும் அத்தகைய மையத்தை நிறுவ வேண்டும்.